இருபது ஹெர்ட்ஸ்

கார்த்திகையும் ரோகிணியும் மின்னும் ரிஷப விண்மீன் கூட்டத்தில், வெறும் கண்ணுக்கு எதுவுமே புலப்படாத ஓர் இடம் இருக்கிறது. எல்1544 என்று அதற்குப் பெயர். பெவர்லி லிண்ட்ஸ் என்ற வானியலாளர் 1962இல் வெளியிட்ட இருண்ட மேகங்களின் பட்டியலில் அதன் வரிசை எண் அது. தூரம் சுமார் ஐநூறு ஒளியாண்டு. பின்னாலிருந்து வரும் விண்மீன் ஒளியை அதன் தூசி மறைத்துவிடுவதால், தொலைநோக்கிப் படத்தில் ஒரு கருந்திட்டாகத் தெரியும். உள்ளே வெப்பநிலை மைனஸ் 263 டிகிரி செல்சியஸை ஒட்டியது. மையத்தில் அதையும்விடக் குளிர். அங்கே ஒரு கன சென்டிமீட்டருக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மூலக்கூறுகள் இருக்கின்றன. நாம் மூச்சிழுக்கும் காற்றில் அதே அளவு இடத்தில் இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் உண்டு. ஆனாலும் விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியின் கணக்கில் எல்1544 மிகவும் நெருக்கமான இடம். அதன் மையத்தில் இன்னும் விண்மீன் பிறக்கவில்லை, பிறக்கப் போகிறது.

அந்த மேகத்தின் காந்தப்புலம் எவ்வளவு? இந்த அத்தியாயம் முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான். கேட்பதற்குச் சிறிய கேள்வி. இதற்கும் இதன் உறவுக் கேள்விகளுக்கும் விடை தேடி, மூன்று தலைமுறை ஆய்வாளர்கள் உழைத்திருக்கிறார்கள்.

ஏன் அறிய வேண்டும்? நம் பால்வழி மண்டலத்தில் மூலக்கூற்று மேகங்களாகக் கிடக்கும் வாயுவின் மொத்த நிறை, சூரியனைப்போல் சுமார் நூறு கோடி மடங்கு. தன் எடையைத் தாங்குவதற்கு எதுவும் இல்லாவிட்டால் இப்படிப்பட்ட மேகம் சில பத்து லட்சம் ஆண்டுகளில் உள்நோக்கிச் சரிந்துவிடும். வகுத்துப் பாருங்கள். ஆண்டுதோறும் இருநூறு, முந்நூறு சூரியன்களின் நிறையுள்ள வாயு விண்மீன்களாக மாறியிருக்க வேண்டும். உண்மையில் மாறுவது இரண்டு சூரியன்களின் நிறை அளவுதான். எதிர்பார்ப்பில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. 1974இல் பென் சக்கர்மனும் நீல் எவன்ஸும் இந்தக் கணக்கைச் சுட்டிக்காட்டியதிலிருந்து விண்மீன் பிறப்பு ஆய்வின் நடுவே இது உட்கார்ந்திருக்கிறது. ஏதோ ஒன்று ஈர்ப்பைத் தடுக்கிறது, அல்லது மேகத்தை அடிக்கடி கலைக்கிறது.

பத்து கெல்வின், அதாவது மைனஸ் 263 டிகிரி செல்சியஸ் குளிரில் வெப்ப அழுத்தத்தால் பெரிதாக ஒன்றும் தாங்க முடியாது. மிஞ்சுவது இரண்டு: வாயுவின் கொந்தளிப்பு, காந்தப்புலம். மேகத்தில் ஏறக்குறைய எல்லாமே மின்னூட்டம் இல்லாத மூலக்கூறுகள். ஆனால் காஸ்மிக் கதிர்கள் ஓயாமல் ஊடுருவுவதால், அடர்ந்த மேகத்தில்கூடக் கோடித் துகளில் ஒன்று என்ற அளவிலாவது அயனிகள் இருக்கின்றன. அவை காந்தப்புலக் கோடுகளைச் சுற்றியே நகரும். மற்ற மூலக்கூறுகளோடு மோதி, அவற்றையும் புலத்தோடு பிணைத்துவிடும். மேகம் சுருங்கினால் புலக் கோடுகளும் நெருங்கும். நெருங்கினால் எதிர்த்துத் தள்ளும்.

1956இல் லியோன் மெஸ்டலும் லைமன் ஸ்பிட்சரும் இதைக் கணக்கிட்டுப் பார்த்தபோது ஓர் அழகான உண்மை வெளிப்பட்டது. மேகம் சுருங்கச் சுருங்க ஈர்ப்பின் ஆற்றல் கூடும். காந்தப்புலத்தின் ஆற்றலும் அதே விகிதத்தில் கூடும். ஆகவே தொடக்கத்தில் எது வலுவாக இருந்ததோ அதுவே கடைசிவரை வலுவாக இருக்கும். சுருக்கம் இந்தப் போட்டியின் முடிவை மாற்றுவதில்லை. முடிவைச் சொல்வது ஒரே எண்: மேகத்தின் நிறைக்கும் அதை ஊடுருவும் காந்தப்பாயத்துக்கும் உள்ள விகிதம். அதை மாறுநிலை அளவால் வகுத்து, வருவது ஒன்றுக்கு மேல் என்றால் ஈர்ப்பு வெல்லும். ஒன்றுக்குக் கீழ் என்றால் காந்தம் மேகத்தைத் தாங்கி நிற்கும்.

அப்படித் தாங்கி நிற்கும் மேகத்திலும் விண்மீன் பிறக்க ஒரு வழி உண்டு. புலத்தோடு நேரடியாகக் கட்டுண்டவை அயனிகள் மட்டுமே. நடுநிலை மூலக்கூறுகள் அவற்றின் இடையே மெல்ல நழுவி மையத்தை நோக்கிச் செல்ல முடியும். ஆம்பிபோலார் விரவல் என்று இதைச் சொல்கிறார்கள். பல பத்து லட்சம் ஆண்டுகள் பிடிக்கும் மந்தமான கசிவு இது. விண்மீன்கள் ஏன் இவ்வளவு மெதுவாகப் பிறக்கின்றன என்பதற்கு இதைவிடக் கச்சிதமான விளக்கம் கிடையாது என்று பல ஆண்டுகள் நம்பினார்கள். கோட்பாடு முழுமையாக இருந்தது. இல்லாதது அளவீடு.

அளவீட்டின் கடுமையை எண்ணால்தான் உணர முடியும். தமிழ்நாட்டில் திசைகாட்டி முள்ளைத் திருப்பும் புவியின் காந்தப்புலம் சுமார் 0.4 காஸ். மேகங்களில் உள்ளது பத்து மைக்ரோகாஸ் என்ற அளவு. அதாவது நாற்பதாயிரத்தில் ஒரு பங்கு. அதையும் ஐநூறு ஒளியாண்டுக்கு இப்பாலிருந்து அளக்க வேண்டும்.

விண்மீன்களுக்கு இடையே காந்தப்புலம் இருக்கிறது என்பதற்கான முதல் தடயம், வேறொன்றைத் தேடியவர்கள் கையில் கிடைத்தது. அந்தத் தேடலைத் தொடங்கிவைத்தவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர். 1946இல் அமெரிக்காவின் யெர்க்கிஸ் வானாய்வகத்தில் பணியாற்றிய அவர், வெப்பம் மிகுந்த விண்மீன்களின் வளிமண்டலத்தில் ஒளி எலெக்ட்ரான்களால் சிதறடிக்கப்படுவதைக் கணக்கிட்டார். விண்மீனின் விளிம்பிலிருந்து வரும் ஒளியில் 11 விழுக்காட்டுக்கு மேல் தளவிளைவு இருக்க வேண்டும் என்று கணக்கு சொன்னது. அதாவது, ஒளி அலைகளின் அதிர்வு எல்லாத் திசையிலும் சமமாக இல்லாமல் ஒரு திசையில் சற்றுக் கூடுதலாக இருக்கும். விண்மீன் முழு வட்டாகத் தெரியும்போது விளிம்பின் எல்லாப் பக்கமும் ஒன்றையொன்று ஈடுசெய்து, இந்த விளைவு மறைந்துவிடும். இரட்டை விண்மீன்களில் ஒன்று மற்றொன்றை மறைக்கும் கிரகண நேரத்தில் மட்டும் அது வெளிப்படலாம்.

ஆல்பர்ட் ஹில்ட்னரும் ஜான் ஹாலும் அதைத் தேடினார்கள். தளவிளைவு கிடைத்தது. ஆனால் கிரகணம் தொடங்கினாலும் முடிந்தாலும் அது மாறவே இல்லை. பக்கத்தில் இருந்த, கிரகணமே இல்லாத விண்மீன்களிலும் அதே திசையில் தளவிளைவு தெரிந்தது. எந்த விண்மீனுக்கு முன்னால் தூசி அதிகமோ அதன் ஒளியில் விளைவும் அதிகம். ஒளி புறப்பட்ட இடத்தில் எதுவும் நிகழவில்லை. வரும் வழியில்தான் நிகழ்ந்திருக்கிறது. இருவரும் 1949இல் ‘சயின்ஸ்’ இதழில் தனித்தனிக் கட்டுரைகளாக இதை வெளியிட்டார்கள்.

தூசித் துகள் ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவு. அவை உருண்டையாக இல்லாமல் நீண்டிருக்க வேண்டும். நீண்டவை எல்லாம் ஒரே திசை பார்த்து அணிவகுத்திருக்க வேண்டும். அப்போதுதான் ஒளி ஒரு திசையில் கூடுதலாகத் தடுக்கப்படும். அத்தனை துகள்களையும் வரிசைப்படுத்தக்கூடியது காந்தப்புலம். எப்படி வரிசைப்படுத்துகிறது என்பதற்கு லெவரெட் டேவிஸும் ஜெஸ்ஸி கிரீன்ஸ்டைனும் 1951இல் ஒரு விளக்கம் தந்தார்கள். இன்று அந்த வேலையின் பெரும்பங்கு விண்மீன் ஒளியே துகள்களுக்குக் கொடுக்கும் முறுக்கு விசையுடையது என்று கருதப்படுகிறது. விளக்கம் மாறினாலும் முடிவு மாறவில்லை: சுழலும் துகளின் குட்டையான அச்சு புலத்தின் திசையில் நிற்கும், நீண்ட பக்கம் குறுக்கே கிடக்கும். ஆகவே தூசியைக் கடந்து வந்த விண்மீன் ஒளியின் தளவிளைவு, வானில் புலம் ஓடும் திசையை நேரடியாகக் காட்டிவிடுகிறது.

திசை கிடைத்தது, வலிமை கிடைக்கவில்லை. இங்கே மீண்டும் சந்திரசேகர் வருகிறார், இம்முறை என்ரிகோ ஃபெர்மியோடு. 1953இல் இருவரும் சேர்ந்து எழுதிய சில பக்கக் கட்டுரை இன்றுவரை பயன்பாட்டில் இருக்கிறது. அவர்களுடைய யோசனையைப் புரிந்துகொள்ள ஒரு தம்புரா போதும். இறுக்கிக் கட்டிய தந்தியை மீட்டினால் அது கொஞ்சம்தான் வளையும்; தளர்ந்த தந்தி அதே விரலுக்கு நிறைய வளையும். எவ்வளவு வேகமாக மீட்டினோம், தந்தி எவ்வளவு கனமானது, எவ்வளவு வளைந்தது என்ற மூன்றும் தெரிந்தால், எவ்வளவு இறுக்கம் என்று சொல்லிவிடலாம். காந்தப்புலக் கோடுகளும் இப்படித்தான். வாயுவின் கொந்தளிப்பு அவற்றை அசைக்கிறது. புலம் வலுவானது என்றால் கோடுகள் நேராகவே இருக்கும். பலவீனமானது என்றால் தாறுமாறாகும்.

விண்மீன்களின் தளவிளைவுத் திசைகள் சராசரியிலிருந்து பத்து டிகிரி அளவுக்குச் சிதறியிருந்தன. வாயுவின் வேகத்தையும் அடர்த்தியையும் வேறு வழிகளில் மதிப்பிட்டுச் சேர்த்தபோது கிடைத்த விடை 7 மைக்ரோகாஸ். நாம் இருக்கும் சுருள்கரம் பக்கவாட்டில் விரிந்துவிடாமல் நிற்க எவ்வளவு புலம் வேண்டும் என்று தனியாகக் கணக்கிட்டார்கள். அது 6 மைக்ரோகாஸ் என்றது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு வழிகள் இவ்வளவு நெருங்கி வந்தன. அன்றைக்குக் கையில் இருந்த தரவு எவ்வளவு குறைவு என்பதை எண்ணும்போது, இருபதாம் நூற்றாண்டு வானியலின் மிகச் சிறந்த மதிப்பீடுகளில் ஒன்றாக இதை நான் வைப்பேன். டேவிஸ் 1951லேயே இதே திசையில் யோசித்திருந்ததால், இன்று மூவர் பெயரையும் சேர்த்து டேவிஸ்–சந்திரசேகர்–ஃபெர்மி முறை என்கிறார்கள்.

இந்த முறையில் இடர்களும் உண்டு. பார்வைக்கோட்டில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல வாயுத் திரள்கள் இருந்தால் அவற்றின் கோணச் சிதறல்கள் ஒன்றையொன்று சமன்செய்து, புலம் உண்மையைவிட வலுவானதாகத் தோன்றும். 2001இல் ஈவ் ஆஸ்ட்ரைக்கரும் சக ஆய்வாளர்களும் கணினியில் மேகங்களை உருவாக்கி இந்த முறையைச் சோதித்து, விடையைச் சுமார் பாதியாக்கிக்கொள்ள வேண்டும் என்று காட்டினார்கள். அதற்குப் பிறகும் அடர்த்தியின் மதிப்பீட்டில் உள்ள பிழை உள்ளே வந்துவிடுகிறது. திருவாதிரை இருக்கும் அதே ஓரியன் கூட்டத்தில், அதன் பெரிய ஒளிமுகிலுக்குப் பின்னால் உள்ள மேகத்தை 2017இல் கேட் பேட்டிலும் குழுவினரும் இந்த முறையில் அளந்தார்கள். கிடைத்தது 6.6 மில்லிகாஸ், பிழை வரம்பு இருபுறமும் 4.7. அதை மறைக்காமல் எழுதினார்கள். அந்த 4.7ஐயும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தவருக்கே அந்த 6.6 பயன்படும்.

நேரடியாக வலிமையை அளக்க ஒரே ஒரு வழிதான் உண்டு. அது 1896இல் ஹாலந்தின் லைடன் நகரில் பிறந்தது. பீட்டர் சீமன் ஒரு சுடரில் சோடியத்தை இட்டு, அதை வலிமையான மின்காந்தத்தின் முனைகளுக்கிடையே வைத்துப் பார்த்தபோது நிறமாலை வரிகள் அகன்றன. காந்தப்புலம் அணுவின் ஆற்றல் நிலைகளைப் பிரிக்கிறது. ஒரு வரி பலவாகிறது. 1908இல் ஜார்ஜ் எல்லரி ஹேல் சூரியப் புள்ளிகளில் இதே பிளவைக் கண்டு, பூமிக்கு வெளியே காந்தப்புலத்தை அளந்த முதல் மனிதரானார். ஆனால் சூரியப் புள்ளியில் புலம் ஆயிரக்கணக்கான காஸ். மேகத்தில் அதன் பத்துக் கோடியில் ஒரு பங்கு அளவுகூட இருக்காது என்றால், பிளவைத் தேடுவதில் பொருள் உண்டா?

உண்டு என்று 1957இல் ஜான் போல்ட்டனும் பால் வைல்டும் எழுதினார்கள். ஹைட்ரஜன் அணு வெளியிடும் 21 சென்டிமீட்டர் ரேடியோ வரியில், ஒரு மைக்ரோகாஸ் புலம் 2.8 ஹெர்ட்ஸ் பிளவை உண்டாக்கும். அந்த வரியின் அதிர்வெண்ணோ 142 கோடி ஹெர்ட்ஸ். ஏறத்தாழப் பத்தாண்டுகள் பலரும் முயன்று பார்த்தார்கள். 1968இல் கெரிட் வெர்ஷூர், அமெரிக்காவின் கிரீன் பேங்கில் உள்ள 140 அடித் தொலைநோக்கியால், காசியோபியா ஏ என்ற வெடித்த விண்மீனின் எச்சத்துக்கு முன்னால் இருந்த ஹைட்ரஜன் மேகங்களில் அதைக் கண்டார். 20 மைக்ரோகாஸ் அளவு.

மூலக்கூற்று மேகத்துக்கு வேறு வரி வேண்டும். அங்கே ஹைட்ரஜன் இரண்டிரண்டாகச் சேர்ந்து மூலக்கூறாகிவிட்டதால், இந்தக் குளிரில் அது எதையும் சொல்லாது. வானியலாளர்கள் வழக்கமாக நம்பும் கார்பன் மோனாக்சைடும் இந்த வேலைக்கு உதவாது. அதன் எலெக்ட்ரான்கள் அனைத்தும் இணைசேர்ந்துவிட்டதால், காந்தப்புலத்துக்கு அது ஏறக்குறைய செவிடு. இணையில்லாத எலெக்ட்ரான் ஒன்று உள்ள மூலக்கூறு தேவை. ஹைட்ராக்சில் அப்படிப்பட்டது, ஓர் ஆக்சிஜன், ஒரு ஹைட்ரஜன். 18 சென்டிமீட்டர் அலைநீளத்தில் அதற்கு 1665, 1667 மெகாஹெர்ட்ஸ் என்று இரண்டு முதன்மை வரிகள் உண்டு. மைக்ரோகாஸுக்கு முதலாவது 3.27 ஹெர்ட்ஸ் பிரியும்; இரண்டாவது 1.96 ஹெர்ட்ஸ்.

எல்1544இல் புலம் 10 மைக்ரோகாஸ் என்று வைத்துக்கொண்டால், 1667 வரியின் பிளவு இருபது ஹெர்ட்ஸ். வாயுவின் அசைவால் வரும் டாப்ளர் விளைவு அதே வரியை ஏறத்தாழ இரண்டாயிரம் ஹெர்ட்ஸுக்கு அகலப்படுத்தியிருக்கிறது. ஆக வரி பிளந்து இரண்டாகத் தெரியப்போவதில்லை. நூற்றில் ஒரு பங்கு விலகலை அகலமான ஒரு மேட்டுக்குள் கண்டுபிடிக்க வேண்டும்.

இதைச் செய்ய முடிவதற்குக் காரணம், பிளந்த இரு பகுதிகளும் வெவ்வேறு விதமாகச் சுழலும் அலைகள் என்பதே. ஒன்று வலஞ்சுழி, மற்றது இடஞ்சுழி. தொலைநோக்கி இரண்டையும் தனித்தனியே பதிவுசெய்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கிறது. புலமே இல்லையென்றால் கழித்தபின் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். புலம் இருந்தால், வரியின் ஒரு சரிவில் சிறிய மேடும் மறு சரிவில் சிறிய பள்ளமும் எழும். அந்த வளைவின் உயரம் புலத்தின் வலிமையைச் சொல்லும். மேடு எந்தப் பக்கம் என்பது, புலம் நம்மை நோக்கியதா, நம்மைவிட்டு விலகியதா என்று சொல்லும். ஆனால் அது சொல்வது பார்வைக்கோட்டின் வழியே உள்ள கூறை மட்டும்தான். குறுக்காக ஓடும் புலம் எவ்வளவு வலுவாக இருந்தாலும் இந்த வளைவில் வராது. தூசியின் தளவிளைவு காட்டுவதோ அந்தக் குறுக்குக் கூறை மட்டும். இரண்டு முறைகளும் புலத்தின் ஒவ்வொரு பகுதியையே பார்க்கின்றன.

இந்தச் சின்னஞ்சிறு வளைவைப் பொய்யாக உண்டாக்கவும் வழிகள் இருக்கின்றன. தொலைநோக்கியில் வலஞ்சுழியை ஏற்கும் கற்றையும் இடஞ்சுழியை ஏற்கும் கற்றையும் வானில் துல்லியமாக ஒரே இடத்தைப் பார்ப்பதில்லை. மேகத்தின் ஒரு பக்கம் நம்மை நோக்கியும் மறுபக்கம் விலகியும் நகர்ந்தால், இரு கற்றைகளும் சற்றே வேறுபட்ட வேகங்களைப் பதிவுசெய்யும். கழித்தால் அதே மேடு, அதே பள்ளம். காந்தம் துளியும் இல்லாமல். ஹைட்ராக்சிலுக்கு இரண்டு வரிகள் இருப்பது இங்கேதான் கைகொடுக்கிறது. உண்மையான சீமன் பிளவு என்றால் 1665 வரியின் விலகலும் 1667 வரியின் விலகலும் ஐந்துக்கு மூன்று என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். கருவியின் கோளாறு என்றால் இரண்டிலும் ஒரே அளவுதான் தெரியும். இயற்கை தானே ஒரு சரிபார்ப்பைச் சேர்த்து அனுப்பியிருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

ரிச்சர்ட் க்ரட்சரும் இலியா கஸேயும் 1983இல் பிரான்சின் நான்சே தொலைநோக்கியால் ஓரியன் பி மேகத்தில் இந்தப் பிளவைக் கண்டார்கள்: 38 மைக்ரோகாஸ். க்ரட்சர் தன் ஆய்வு வாழ்வின் பெரும்பகுதியை இதற்கே கொடுத்தார். அவரும் தாமஸ் ட்ரோலண்டும் 2000ஆம் ஆண்டில், போர்ட்டோ ரிக்கோவின் 305 மீட்டர் அரெசிபோ தொலைநோக்கியைக் கொண்டு எல்1544ஐ அளந்தார்கள். விடை 11 மைக்ரோகாஸ். பிழை வரம்பு 2. நம் கேள்விக்கு முதல் நேரடிப் பதில் அதுதான்.

ஒரு மேகத்தை வைத்துக் கோட்பாட்டைத் தீர்மானிக்க முடியாது. ஆகவே அதே அரெசிபோவில் 34 இருண்ட மேகக் கருக்களைச் சுமார் 500 மணி நேரம் அளந்து, 2008இல் முடிவுகளை வெளியிட்டார்கள். புலம் இருப்பதாகச் சொல்லக்கூடிய அளவுக்குத் தெளிவான வளைவு தெரிந்தவை ஒன்பது. இருபத்தைந்தில் தெரியவில்லை.

இந்த இருபத்தைந்துதான், என் பார்வையில், முழு ஆய்வின் உயிர். புலம் தெரியாத மேகங்களை ஒதுக்கிவிட்டு, கிடைத்த ஒன்பதை மட்டும் வைத்துச் சராசரி எடுத்திருந்தால் மேகங்கள் எல்லாம் காந்த வலிமை மிக்கவை என்ற தவறான முடிவுக்கு வந்திருப்பார்கள். ஒரு மேகத்தில் வளைவு தெரியாததற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: புலம் பலவீனம், அல்லது வலுவான புலம் தற்செயலாக நம் பார்வைக்குக் குறுக்கே கிடக்கிறது. தனி மேகத்தில் எது என்று சொல்ல முடியாது. 34 மேகங்களில் சொல்ல முடியும். புலங்கள் எல்லாத் திசையிலும் கிடந்தால் அத்தனை மேகங்களிலும் அது குறுக்காகவே அமைய வாய்ப்பில்லை. சராசரியாகப் பாதி வலிமையாவது பார்வைக்கோட்டில் தெரியும். எல்லா மேகங்களையும் காந்தமே தாங்கி நிற்கிறது என்றால், இன்னும் பல மேகங்களில் வளைவு தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. கோணத்தையும் மேகத்தின் வடிவத்தையும் கணக்கில் சேர்த்தபின், நிறைக்கும் காந்தப்பாயத்துக்கும் உள்ள சராசரி விகிதம் மாறுநிலை அளவைப்போல் சுமார் இரண்டு மடங்கு என்று வந்தது.

இரண்டு என்பது சங்கடமான எண். பெரிய சுருக்கத்தைத் தடுக்கும் வலிமை காந்தத்துக்கு இல்லை. ஒதுக்கிவிடும் அளவுக்கு அது பலவீனமும் இல்லை. மெதுவான கசிவுக் கோட்பாட்டின் ஆதரவாளர்களோ, கசிவு முடிந்து மாறுநிலையைத் தாண்டிய மேகக் கருக்களைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள் என்று வாதிட்டார்கள். நியாயமான வாதம்தான். அப்படியென்றால் கருவைச் சுற்றியுள்ள உறைப் பகுதியில் விகிதம் குறைவாகவும் கருவில் அதிகமாகவும் இருக்க வேண்டும். 2009இல் க்ரட்சரும் குழுவினரும் நான்கு மேகங்களில் கருவையும் உறையையும் தனித்தனியே அளந்து ஒப்பிட்டார்கள். கிடைத்தது எதிர்மாறாக இருந்தது. டெலிமாகோஸ் மௌஸ்கோவியஸும் கான்ஸ்டான்டினோஸ் டாசிஸும் அந்தப் புள்ளிவிவர ஆய்வு முறையைக் கடுமையாக விமர்சித்தார்கள். பதிலுக்குப் பதில் கட்டுரைகள் வந்தன. நான்கே மேகங்கள், ஒவ்வொன்றிலும் பெரிய பிழை வரம்பு. இதை வைத்து ஒரு கோட்பாட்டைப் புதைக்க முடியாது என்பதில் விமர்சகர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் சோதனை சரியான சோதனை. ஒரே மேகத்துக்குள் இரண்டு இடங்களை ஒப்பிட்டால், பிடிபடாத பார்வைக் கோணம் பெருமளவு நீங்கிவிடுகிறது. அந்த யோசனைக்காகவே அந்தக் கட்டுரையை மதிக்கிறேன்.

இதற்கிடையே தூசியின் வழி வெகுதூரம் முன்னேறியிருந்தது. குளிர்ந்த தூசி தானும் மில்லிமீட்டருக்குக் குறைவான அலைநீளத்தில் ஒளிர்கிறது. அந்த ஒளியிலும் தளவிளைவு உண்டு, புலத்துக்குச் செங்குத்தான திசையில். ஐரோப்பாவின் பிளாங்க் விண்கலம் முழு வானத்தையும் இப்படிப் படமெடுத்தது. அருகிலுள்ள பத்து மேகங்களை ஆராய்ந்தபோது ஓர் ஒழுங்கு தெரிந்தது: வாயு மெலிந்த இடங்களில் அதன் இழைகள் புலத்தோடு இணையாக ஓடுகின்றன, அடர்ந்த இழைகளோ புலத்துக்குக் குறுக்கே நிற்கின்றன. வாயு புலக் கோடுகளின் வழியே வழிந்து வந்து குவிகிறது என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். புலம் வெறும் பார்வையாளராக இருந்தால் இப்படி நடக்காது.

இன்னும் உள்ளே, தனி விண்மீன் பிறக்கும் இடத்தில், 2006இல் ஜோசப் மிகேல் ஜிரார்ட்டும் ராம்பிரசாத் ராவும் டேனியல் மரோனும் ஹவாயில் உள்ள சப்மில்லிமீட்டர் அரே தொலைநோக்கிகளால் ஐஆர்ஏஎஸ் 4ஏ என்ற பிறந்துகொண்டிருக்கும் விண்மீன் இணையைப் படமெடுத்தார்கள். புலக் கோடுகள் நடுவில் இடுங்கி, மேலும் கீழும் விரிந்திருந்தன. உள்ளே விழும் வாயு புலத்தை இழுத்துக்கொண்டு போனால் எப்படி இருக்கும் என்று கோட்பாடு பல ஆண்டுகளாக வரைந்து காட்டிய அதே வடிவம்.

எல்1544க்கு வருவோம். உறைப் பகுதியை அளப்பதில்தான் சிக்கல் என்றால், உறையில் மட்டும் இருக்கும் ஒன்றைப் பிடிக்க வேண்டும். மூலக்கூற்று மேகத்திலும் தனி ஹைட்ரஜன் அணுக்கள் சிறிதளவு எஞ்சியிருக்கின்றன. குளிர்ந்தவை என்பதால் அவை பின்னாலிருந்து வரும் 21 சென்டிமீட்டர் அலையில் மிகக் குறுகிய பள்ளம் ஒன்றை வெட்டுகின்றன. வரி எவ்வளவு குறுகியதோ, சீமன் பிளவு அவ்வளவு எளிதாகத் தெரியும். சீனாவின் குய்ச்சோ மாநிலத்தில் உள்ள 500 மீட்டர் ஃபாஸ்ட் தொலைநோக்கியால் தாவ்-சுங் சிங்கும் குழுவினரும் அந்தப் பள்ளத்தை ஆராய்ந்து, 2022 ஜனவரியில் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். எல்1544இன் உறையில், பார்வைக்கோட்டில் உள்ள புலம் 3.8 மைக்ரோகாஸ், பிழை வரம்பு 0.3 மட்டுமே. மேகமாகத் திரளாத மெல்லிய வாயுவில் உள்ள புலத்தைவிட இது வலுவானதல்ல. ஆக, வாயு அடர்ந்திருக்கிறது, புலம் கூடவில்லை. ஈர்ப்பு வெல்லும் நிலையை அந்த மேகம் உறைப் பருவத்திலேயே எட்டிவிட்டது. மையத்தில் நீண்ட கசிவுக்காகக் காத்திருக்கவில்லை.

ஒரு மேகம் எல்லா மேகங்களுக்கும் சாட்சியாகாது. ஆனாலும் இன்றுள்ள அளவீடுகளை எல்லாம் ஒருசேர வைத்துப் பார்க்கும் எவரும், விண்மீன்கள் மெதுவாகப் பிறப்பதற்குக் காந்தம் மட்டுமே காரணம் என்ற பழைய விளக்கத்தை இனி ஏற்க முடியாது என்றே நினைக்கிறேன். கொந்தளிப்பும், பிறந்த விண்மீன்கள் தங்கள் மேகத்தையே கலைப்பதும் அந்தக் கணக்கில் சேர வேண்டியவை. காந்தம் வாயுவுக்கு வழி அமைக்கிறது, வேகத்தைக் குறைக்கிறது, கதவை அடைத்துவிடுவதில்லை.

அரெசிபோ தொலைநோக்கி 2020 டிசம்பர் 1 அன்று இடிந்து விழுந்துவிட்டது. 500 மணி நேரம் ஹைட்ராக்சிலைக் கேட்ட அந்தக் கருவி இனி இல்லை. ஃபாஸ்ட் வேலை செய்கிறது. தென்னாப்பிரிக்காவில் 197 கிண்ணங்களோடு எழுந்துவரும் எஸ்கேஏ-மிட் தொலைநோக்கியின் அலைவரிசைக்குள் ஹைட்ராக்சிலின் இரண்டு வரிகளும் ஹைட்ரஜனின் 21 சென்டிமீட்டர் வரியும் வருகின்றன. அந்தப் பன்னாட்டுத் திட்டத்தில் இந்தியாவும் பங்கேற்கிறது. இன்று நம் கல்லூரிகளில் இயற்பியல் படிப்பவர்களில் சிலராவது அந்தத் தரவில் கை வைப்பார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: புலம் தெரிந்த மேகங்களோடு, தெரியாத மேகங்களையும் அவற்றின் பிழை வரம்போடு சேர்த்து வெளியிடுங்கள்.